டைகர் மாத்: மேலிறக்கை கடைசியில்

ஒற்றை இறக்கை மாடல் விமானம் கட்டும்போது கிட்டுடன் வரும் தாளில் உள்ள படிகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று அப்படியே பின்பற்றினால் விமானம் வந்துவிடும். இரட்டை இறக்கை விமானத்துக்கு அது போதாது. மேலிறக்கையை ஒட்டிய நிமிடத்திலிருந்து பிரஷ் போகாத இடங்கள் உண்டாகிவிடும். மேலிறக்கையின் அடிப்பக்கம், காக்பிட்டுக்கு முன்னால் உள்ள குட்டைத் தாங்கிகளின் உட்பக்கம், கீழிறக்கை உடலோடு சேரும் மூலை ஆகியவை அவை. கண்ணுக்கு நன்றாகத் தெரியும், கைக்கு எட்டாது. ஆகவே இந்த அத்தியாயத்தில் வேலையின் வரிசை வேறு. பெயின்ட், டீகால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் அடையாளப் படம்), கம்பிக்கான துளை எல்லாம் முடிந்த பிறகுதான் மேலிறக்கை ஏறும்.

எடுத்துக்கொள்ளும் விமானம் டி ஹாவிலாண்ட் டி.எச்.82 டைகர் மாத். 1931 அக்டோபர் 26 அன்று முதன்முதலாகப் பறந்த பயிற்சி விமானம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஹைதராபாத் பேகம்பேட்டிலும் ஜோத்பூரிலும் இருந்த பயிற்சிப் பள்ளிகளில் நம் விமானிகள் பறக்கக் கற்றது இதில்தான். விடுதலைக்குப் பிறகும் நம் விமானப்படையில் பல ஆண்டுகள் இருந்தது. பின்னர் பெங்களூரில் வி.எம். காட்கே வடிவமைத்த எச்.டி.2 அதன் இடத்துக்கு வந்தது. விமானப்படையின் பழைய விமானங்களைப் பறக்கவிடும் பிரிவுக்காக எச்.யு. 512 என்ற எண் கொண்ட டைகர் மாத் பழுதுபார்க்கப்பட்டு, 2012-இல் மீண்டும் வானில் ஏறியது. நாம் கட்டப்போவது அந்த மஞ்சள் விமானம்.

வேறு இரட்டை இறக்கைகளும் நமக்குச் சொந்தம்தான். 1910-இல் மெட்ராஸ் மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய கோர்சிக்காக்காரர் டி ஏஞ்சலிஸ், சிம்சன் நிறுவனத்தில் தானே ஒரு இரட்டை இறக்கை விமானம் செய்வித்துப் பல்லாவரத்தில் பறந்து பார்த்தார். அதற்குப் படத்தைப் பார்த்துத் துண்டு துண்டாக வெட்டித்தான் செய்ய வேண்டும், முதல் முயற்சிக்கு அது ஏற்றதல்ல. 1918-இல் பிரான்ஸ் வானில் இந்திரலால் ராய் ஓட்டிய எஸ்.இ.5ஏ-வுக்கு நல்ல கிட்டுகள் இருக்கின்றன, அடுத்த முயற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1932-இல் ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்த பஸ் மாத்தை இரட்டை இறக்கை என்று நினைத்துத் தேடுகிறவர்கள் உண்டு. அது ஒற்றை இறக்கை.

ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் டைகர் மாத்தை 1/72, 1/48 ஆகிய இரண்டு அளவுகளிலும் தருகிறது. அசல் விமானத்தின் இறக்கை முனைக்கு முனை 8.94 மீட்டர். அது 1/72-இல் 124 மில்லிமீட்டர், 1/48-இல் 186 மில்லிமீட்டர். விலையைப் பார்த்துச் சின்னதை எடுக்கத் தோன்றும். முதல் இரட்டை இறக்கைக்கு 1/48-ஐயே வாங்குங்கள். இறக்கைகளுக்கு நடுவே விரல் நுழைய இடம் இருக்கும், கம்பி கட்டும்போது அதன் அருமை தெரியும்.

பெட்டியைத் திறக்கும் முன்

எந்த உறுப்பு எதற்காக இருக்கிறது என்று தெரிந்தவருக்கு அதைத் தவறான இடத்தில் வைக்க மனம் வராது. டைகர் மாத்தில் இது மிகவும் உண்மை.

பக்கவாட்டில் பார்த்தால் மேலிறக்கை கீழிறக்கைக்கு நேர் மேலே இல்லாமல் முன்னால் தள்ளி இருக்கும். முன் காக்பிட்டில் இருக்கும் ஆசிரியர் ஆபத்துக் காலத்தில் பாராசூட்டோடு வெளியே குதிக்க வழி வேண்டும் என்பதற்காக, மேலிறக்கையின் நடுப்பகுதியை முன்னால் நகர்த்தினார்கள். நகர்த்தியதால் எடையின் சமநிலை மாறியது. அதைச் சரிக்கட்ட இறக்கைகளைப் பின்னோக்கிச் சாய்த்தார்கள். சாய்த்ததில் கீழிறக்கையின் முனை தரைக்கு நெருங்கிவிட்டது. எனவே கீழிறக்கையை முனை நோக்கி இன்னும் சற்று மேலே தூக்கினார்கள். ஆக, முன்னிருந்து பார்க்கும்போது இரு இறக்கைகளும் இணையாக இருக்காது, முனைக்குப் போகப் போக இடைவெளி குறையும். இது தெரியாதவர் இரண்டையும் இணையாக்கப் போராடித் தாங்கிகளை வளைத்துவிடுவார்.

கம்பிகளுக்கு வருவோம். விமானம் பறக்கும்போது காற்று இறக்கைகளை மேல்நோக்கித் தூக்குகிறது. கீழிறக்கை உடலோடு சேரும் இடத்திலிருந்து மேலிறக்கையின் வெளிப்புறத்துக்குச் சாய்வாகப் போகும் கம்பி அந்த இழுப்பைத் தாங்குகிறது. இதைப் பறப்புக் கம்பி என்று வைத்துக்கொள்வோம். விமானம் தரையில் நிற்கும்போது இறக்கைகளின் எடை கீழ்நோக்கித் தொங்கும். மேலிறக்கையின் நடுவிலிருந்து கீழிறக்கையின் வெளித் தாங்கி அடிக்கு இறங்கும் கம்பி அதைப் பிடித்துக்கொள்கிறது. இது தரைக் கம்பி. முன்னிருந்து பார்த்தால் இரண்டும் சேர்ந்து ஒரு பெருக்கல் குறி. ரயில் பாலம் கட்டும் பொறியாளராக இருந்த ஆக்டேவ் சனூட், பாலத்துச் சட்டகத்தின் இந்த முறையை 1896-இல் தன் கிளைடருக்குக் கொண்டுவந்தார். ரைட் சகோதரர்கள் அதைப் பின்பற்றினார்கள். டைகர் மாத் வரை வந்தது அதே முறைதான். கம்பி அங்கே அலங்காரம் அல்ல, அது இல்லாமல் அசல் விமானத்தின் இறக்கை நிற்காது. அதனால்தான் கம்பி இல்லாத இரட்டை இறக்கை மாடல் எவ்வளவு நன்றாகப் பெயின்ட் அடித்திருந்தாலும் உயிரில்லாமல் இருக்கிறது.

பாப்பிரெட்டிப்பட்டியில் கிடைப்பவை

கிட்டும் பெயின்ட்டும் கூரியரில்தான் வர வேண்டும். மற்ற முக்கால்வாசி நம் கடைத்தெருவில் இருக்கிறது.

மெடிக்கலில் இன்சுலின் ஊசி. அதன் 31 எண் ஊசியின் பருமன் கால் மில்லிமீட்டர், கம்பிக்குத் துளை போடுவதற்கு இதைவிடக் கச்சிதமான கருவியை நான் பார்க்கவில்லை. ஹார்டுவேர் கடையில் 400, 800, 1000 எண் வாட்டர் பேப்பர், கார் பட்டறைக்காரர்கள் வாங்கும் மாஸ்கிங் டேப். செல்லோடேப் வேண்டாம், பசையை விட்டுவிட்டு வரும்.

போர்வெல் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை நம் பக்கம் எந்த ஊரிலும் இருக்கும். ஃபேனுக்கும் காயில் கட்டுகிற கடையாகப் பார்த்துப் போய் மெல்லிய எனாமல் செம்புக் கம்பியில் நான்கடி கேளுங்கள். ஃபேனுக்குப் போடும் 36 எண் கம்பி 0.19 மில்லிமீட்டர், நமக்குச் சற்றுத் தடிமன். சின்ன டிரான்ஸ்ஃபார்மருக்குப் போடும் 38 எண் 0.15 மில்லிமீட்டர். அதுதான் 1/48-க்குப் பொருத்தம். டெய்லரிங் சாமான் கடையில் கண்ணுக்குத் தெரியாத நைலான் நூல் ஒரு கண்டு வாங்கிக்கொள்ளுங்கள். தூண்டில் நரம்பு வாங்கினால் 0.10 மில்லிமீட்டருக்கு மேல் போக வேண்டாம். வாணியாறு அணையில் மீன் பிடிப்பவர்கள் பயன்படுத்தும் தடித்த நரம்பு இங்கே கயிறு போலத் தெரியும்.

பசையில்தான் கவனம் தேவை. பி.வி.சி. பைப் ஒட்டும் சொல்யூஷன் இந்த வேலைக்கு ஆகாது. கெட்டியாக நூல் நூலாக இழுத்து நுண்ணிய வேலைப்பாட்டை மூடிவிடும். பிளாஸ்டிக் மாடலுக்கென்றே உள்ள நீர்த்த சிமென்ட் ஒரு பாட்டில் வரவழைத்தால் பல கிட்டுகளுக்கு வரும். அந்தச் சிமென்ட் பாலிஸ்டைரீனைக் கரைத்து ஒட்டுகிறது. தெர்மாகோலும் பாலிஸ்டைரீன்தான். எனவே விமானத்தைத் தாங்க தெர்மாகோலில் அச்சு வெட்டாதீர்கள், ஒரு சொட்டு பட்டால் அச்சும் விமானமும் சேர்ந்து உருகும். மிக்ஸி, குக்கர் வந்த அட்டைப்பெட்டி போதும்.

காக்பிட், உடல்

இதில் சொல்ல அதிகம் இல்லை. கிட் தாள் சொல்வதே சரி. சீட் பெல்ட் மட்டும் சாக்லேட் சுற்றிய ஃபாயிலில் வெட்டி ஒட்டினால் மடிப்பு இயல்பாக விழும். ஒரே ஒரு விமானியை உட்கார வைப்பதாக இருந்தால் பின் சீட்டில் வையுங்கள். டைகர் மாத்தைத் தனியாக ஓட்டுபவர் பின்னால்தான் உட்காருவார், முன் சீட் ஆசிரியருக்கு.

உடலின் இரு பாதிகளும் சேரும் கோட்டைத் தேய்க்கும்போது வயிற்றில் உள்ள துணி மடிப்புகளை அழித்துவிடாதீர்கள். இது துணி போர்த்திய விமானம். இறக்கை மேல் மெல்லிதாக எழுந்து நிற்கும் விலாக் கோடுகள், துணிக்கு அடியில் உள்ள மரச்சட்டங்கள். அவற்றின் மேல் வாட்டர் பேப்பர் படவே கூடாது.

கீழிறக்கையையும் வால் பகுதியையும் இப்போதே ஒட்டிவிடலாம். மேலிறக்கை தனியாக இருக்கட்டும். அதைப் பசையில்லாமல் ஒருமுறை தாங்கிகளின் மேல் வைத்துப் பார்த்து, எந்தத் தாங்கி எந்தக் குழியில் உட்காருகிறது என்று பென்சிலில் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்படி வைத்திருக்கும்போதே கம்பி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தாளில் உள்ள படத்தோடு ஒப்பிட்டு, எல்லா இடத்திலும் ஊசியால் குத்திவிடுங்கள். மேலிறக்கையின் அடியில் ஒரு மில்லிமீட்டர் ஆழம் போதும், துளை மேலே வந்துவிடக் கூடாது. கீழிறக்கையில் மறுபக்கம் வரை போக வேண்டும். ஊசியை அழுத்தாமல், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உருட்டிக்கொண்டே இறக்குங்கள். நூல் எந்தச் சாய்வில் போகுமோ அதே சாய்வில் ஊசியும் இறங்கட்டும். நேராகப் போட்ட துளையிலிருந்து சாய்வாகக் கிளம்பும் நூல் வாயிலில் மடங்கி நிற்கும், அந்த மடிப்பு கடைசி வரை தெரியும்.

மஞ்சள்

மஞ்சள் பெயின்ட் எதையும் மூடாது. சாம்பல் நிறப் பிளாஸ்டிக் மேல் நேரடியாக அடித்தால் ஐந்து பூச்சுக்குப் பிறகும் அழுக்குப் பச்சையாகவே தெரியும். முதலில் வெள்ளை பிரைமர், அதன் மேல் வெளிர் ரோஸ் ஒரு மெல்லிய பூச்சு, அது காய்ந்த பின் மஞ்சள். ரோஸ் கொடுக்கும் வெதுவெதுப்பு பயிற்சி விமானத்தின் அடர் மஞ்சளுக்கு மிகவும் பொருந்தும்.

தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயின்ட்டையே வாங்குங்கள். தீப்பற்றும் பெயின்ட்டை விமானக் கூரியரில் எடுக்க மாட்டார்கள், அக்ரிலிக்கால் வீட்டுக்குள் நாற்றமும் இருக்காது. கேட்டுக்கு அடிக்கும் எனாமல் இதற்கு உதவாது. சித்திரை, வைகாசியில் நம் ஊர் வெயிலுக்கு அக்ரிலிக் பிரஷ் நுனியிலேயே காய்ந்துவிடும். விடிகாலையில், ஃபேனை நிறுத்திவிட்டு, பெயின்ட்டை ஈரத் துணி மேல் வைத்த பட்டர் பேப்பரில் கலந்து அடியுங்கள். ஒரே திசையில் இழுக்க வேண்டும், விலாக் கோடுகளின் போக்கிலேயே. காயாத இடத்துக்குப் பிரஷ்ஷைத் திருப்பிக் கொண்டுபோகாதீர்கள்.

புரொப்பெல்லர் மரம். வெளிர் பழுப்பை அடித்துக் காயவிட்டு, ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் ஆயில் கலர் டியூபில் அடர் பழுப்பைத் துளி எடுத்துக் காய்ந்த, கரடான பிரஷ்ஷால் ஒரே இழுப்பாக இழுத்தால் மரக்கோடு விழும். காய இரண்டு மூன்று நாள் பிடிக்கும். அவசரப்பட வேண்டாம்.

வட்டமும் எண்ணும்

எச்.யு. 512-க்கான டீகால் கிட்டில் வராது. வெளியே காவி, நடுவே வெள்ளை, உள்ளே பச்சை என்று நம் விமானப்படையின் வட்டத்தைக் கம்ப்யூட்டரில் வரைந்து, டீகால் தாளில் கலர் லேசர் பிரிண்ட் எடுத்துக்கொள்ள வேண்டும். பிரிண்டருக்கு வெள்ளை மை கிடையாது, ஆகவே வட்டத்துக்கு வெள்ளை டீகால் தாள், எண்ணுக்கு மட்டும் ஒளி ஊடுருவும் தாள். பிரிண்ட் எடுத்ததும் கிளியர் வார்னிஷ் ஒரு பூச்சு அடிக்காவிட்டால் தண்ணீரில் உடைந்துபோகும். வட்டம் எங்கே, என்ன அளவு என்பதற்கு அந்த விமானத்தின் புகைப்படங்களையே நம்புங்கள்.

டீகாலை நனைக்க போர் தண்ணீர் கூடாது. நம் மாவட்டத்து நிலத்தடி நீரின் உப்பு எல்லோருக்கும் தெரிந்ததுதான். டீகாலுக்கு அடியில் மாட்டிக்கொண்டு காய்ந்ததும் வெள்ளைத் திட்டாகத் தெரியும், துடைத்தும் போகாது. கேன் தண்ணீரை லேசாகச் சுட வைத்துக்கொள்ளுங்கள்.

மேலிறக்கை ஏறுகிறது

அட்டையில் இரண்டு துண்டு வெட்டுங்கள். கீழே கீழிறக்கை உட்கார ஒரு பள்ளம், மேலே மேலிறக்கை உட்கார ஒரு பள்ளம், கிட் தாளில் உள்ள முன்புறப் படத்தை அளந்து. விமானத்தை இடமும் வலமுமாக இந்த இரண்டு அட்டையில் நிறுத்தினால் மேலிறக்கை தானாகச் சரியான உயரத்தில் நிற்கும். அதற்கு முன் மேலிறக்கையின் அடித் துளைகளில் நைலான் நூல்களைச் சூப்பர் குளூவில் பதித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சாண் நீளம் விட்டுத் தொங்கவிட்டிருக்க வேண்டும். நடுவில் இருப்பவை தரைக் கம்பி, வெளியே இருப்பவை பறப்புக் கம்பி. எல்லா நூலும் மேலே கட்டி, கீழே வெளிவருகிறது.

முதலில் உடலிலிருந்து எழும் குட்டைத் தாங்கிகளை மட்டும் ஒட்டி, மேலிறக்கையை வைத்து, ஒரு ராத்திரி அப்படியே விடுங்கள். மறுநாள் வெளித் தாங்கிகளை ஒவ்வொன்றாக இரு இறக்கைகளுக்கும் நடுவே நுழையுங்கள். எட்டுத் தாங்கிகளையும் ஒரே நேரத்தில் ஒட்டச் சொல்லும் தாளை இந்த இடத்தில் கேட்க வேண்டாம். ஒன்றைப் பிடித்தால் ஒன்று விழும்.

கம்பி

குட்டைத் தாங்கிகளுக்கு நடுவே உள்ள சிறிய கம்பிகளைச் செம்பில் போடுங்கள். கம்பியை இரண்டு டைல்ஸ் துண்டுக்கு நடுவே வைத்து உருட்டினால் ஊசி போல நேராகும். காம்பஸ்ஸால் இடைவெளியை அளந்து, அரை மில்லிமீட்டர் கூடுதலாக வெட்டி, முன்பே அடர் சாம்பல் பூசி, ஒரு முனையைக் குழியில் வைத்து மறுமுனையைச் சற்று வளைத்து விட்டால் தானே போய் உட்காரும். இரு முனையிலும் வெள்ளை ஃபெவிகால் ஒரு புள்ளி.

நீண்ட கம்பிகளுக்குச் செம்பு வேண்டாம், விரல் பட்டால் வளைந்து அப்படியே நின்றுவிடும். அங்கேதான் நைலான். தொங்கும் நூலைக் கீழிறக்கைத் துளையில் நுழைத்து அடியில் இழுத்து, நுனியில் ஒரு துணி கிளிப்பை மாட்டித் தொங்கவிடுங்கள். கிளிப்பின் எடையே போதும். வலப்பக்கம் ஒன்று மாட்டியதும் அடுத்தது இடப்பக்கம். கயிற்றுக் கட்டிலை ஒரே பக்கமாக இறுக்கினால் சட்டம் கோணுவது போல, ஒரு பக்க நூல் எல்லாம் முதலில் இறுகினால் மேலிறக்கை அந்தப் பக்கம் முறுக்கிக்கொள்ளும். தரைக் கம்பிகள் முதலில், பறப்புக் கம்பிகள் அடுத்து. முன்னிருந்து பார்த்து இரண்டு பக்கப் பெருக்கல் குறிகளும் ஒத்திருக்கின்றனவா என்று உறுதி செய்த பிறகே சூப்பர் குளூ. அதையும் நேராக ஊற்றாதீர்கள். குண்டூசி முனையில் தொட்டு, இறக்கையின் அடியில் நூல் வெளிவரும் இடத்தில் வைத்தால் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒரு மணி நேரம் கழித்து புது பிளேடால் இறக்கையை ஒட்டி நூலை வெட்டி, மிச்சத்தை ஒரு சொட்டு மஞ்சளால் மறையுங்கள்.

எவ்வளவு பார்த்துச் செய்தாலும் ஒன்றிரண்டு நூல் சற்றுத் தொய்ந்திருக்கும். ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி, சாம்பலைத் தட்டிவிட்டு, சிவந்த நுனியை நூலுக்கு அரை சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து நீளவாக்கில் ஒருமுறை நகர்த்துங்கள். சூடு பட்டதும் நைலான் சுருங்கி வீணைத் தந்தி போல விறைக்கும். நிறுத்தக் கூடாது, கிட்டேயும் போகக் கூடாது. நூல் அறுந்தால் மறுபடி கட்டிக்கொள்ளலாம், இறக்கை விளிம்பு உருகினால் கிட் போனது. மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்கிற வேலை இது. விறைத்து நிற்கும் அந்த நூல்களைப் பார்த்த பிறகுதான் நான் கட்டியது விமானம் என்ற நிறைவு எனக்கு வரும்.

நூலுக்குக் கறுப்பு அடிக்காதீர்கள். அசல் கம்பி எஃகு. மெல்லிய பிரஷ்ஷில் எஃகு நிறத்தைத் தோய்த்து, பெரும்பகுதியைத் துணியில் துடைத்துவிட்டு, ஒரு தடவை தடவினால் போதும். முன்புறச் சின்னக் கண்ணாடிகள் இரண்டையும் இதற்குப் பிறகு ஃபெவிகாலில் ஒட்டுங்கள். சூப்பர் குளூவின் ஆவி பட்டால் அவை வெள்ளையாகப் பூத்துவிடும்.

அழுக்கு

இப்போது பலர் உற்சாகத்தில் இறக்கை விளிம்புகளில் வெள்ளி நிறத்தைத் தட்டி, பெயின்ட் உரிந்தது போலக் காட்டுகிறார்கள். உலோக விமானத்துக்கு அது சரி. துணிக்கு அடியில் வெள்ளி எங்கிருந்து வரும்? உரிந்த உலோகம் தெரிய வேண்டிய இடம் எஞ்சின் மூடியும், மேலிறக்கையின் நடுவில் இருக்கும் பெட்ரோல் டேங்க்கும்தான். மற்ற இடத்தில் அந்தந்த நிறத்தின் சற்று வெளிறிய சாயல் போதும். எஞ்சின் தலைகீழாகப் பொருத்தப்பட்டது, அதனால் ஆயில் வயிற்றின் அடியில் பின்னோக்கி வழிந்திருக்கும். அடர் பழுப்பு ஆயில் கலரை மிக நீர்த்து அங்கே ஒரு கோடு இழுங்கள். பிரேக் இல்லாமல் புல் தரையில் இறங்கி ஓடிய விமானம் இது. டயரிலும் வாலடியில் உள்ள கட்டையிலும் செம்மண் தூளைப் பிரஷ்ஷால் தொட்டு வைக்கலாம். எச்.யு. 512 போலப் பளபளப்பாகப் பராமரிக்கப்படும் விமானத்துக்கு அதுவும் கொஞ்சமாகவே போதும்.

முடித்ததை அலமாரியில் திறந்து வைக்காதீர்கள். கம்பிகளில் தூசி சேர்ந்தால் துடைக்க வழியே இல்லை. போட்டோவுக்குக் கண்ணாடி போடும் கடையில் உள்ளளவு 24 சென்டிமீட்டர் அகலம், 20 ஆழம், 10 உயரம் சொன்னால் 1/48 டைகர் மாத் சுற்றிலும் இடம் விட்டு நிற்கும் அளவில் ஒரு பெட்டி ஒட்டித் தருவார்கள். கண்ணாடி ஒட்டும் சிலிகான் பசையின் காடி வாசம் முழுக்கப் போகும் வரை, ஒரு வாரமாவது, விமானத்தை உள்ளே வைக்க வேண்டாம். ஜன்னல் வெயில் நேராக விழாத சுவராகப் பார்த்துப் பெட்டியை வையுங்கள், லேசர் பிரிண்ட் எடுத்த காவி சீக்கிரம் வெளுக்கும்.